பேனா நின்ற இடம்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதத்தில், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கீழ்த்தள அறையில் நடந்தது இது. அங்கே நான் பரீட்சை எழுதப் போயிருந்தேன். எனக்காக அல்ல, பார்வையில்லாத ஒரு பெண்ணுக்காக. அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், இருந்தாலும் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வதால் நானும் சொல்கிறேன். பள்ளியில் யாருக்குப் பிரிவு உபசாரம் என்றாலும் வாழ்த்துமடல் எழுத என்னைத்தான் தேடுவார்கள்.

எங்கள் ஆலயத்து வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் அதில் ஞாயிறு ஆராதனைக்கான வேத வசனத்தை எழுதுவது பதினெட்டு வருடங்களாக என் பொறுப்பு. குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டுதான் போவேன். எழுதி முடித்ததும் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்ப்பேன். ஒரு கால்புள்ளி விட்டுப்போயிருந்தால்கூட முழுப் பலகையையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதுவேன். "ஆண்டவரு சாக்பீசோட வந்து திருத்தவா போறாரு?" என்று என் மனைவி கேலி செய்வாள். என் அப்பா உபதேசியாராக இருந்தவர். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஜெபக்கூட்டம் நடத்தியவர். வேதத்தில் ஒரு எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு அதிகாரம் இல்லை என்று அவர் சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். அதனால் மனைவியின் கேலியை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒருநாள் எங்கள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். பார்வையில்லாத ஒரு அம்மா அஞ்சல் வழியில் தத்துவத்தில் எம்.ஏ. படிக்கிறாராம். சொல்வதை எழுதிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லையாம். எழுதிக்கொடுக்கிறவர் அந்தப் பாடம் தெரிந்தவராக இருக்கக் கூடாது, தேர்வு எழுதுகிறவரைவிடக் குறைந்த படிப்புப் படித்தவராக இருக்க வேண்டும் என்று விதி. என் படிப்புக் குறைவு ஒரு தகுதியாக ஆனது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். உடனே சரி என்றேன். இதுவும் ஒரு ஊழியம்தானே என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் நாலு பேர் காதுக்கு இது போனால் நன்றாக இருக்கும் என்றும் உள்ளூர நினைத்தேன். பொய் சொல்வானேன், நினைக்கத்தான் செய்தேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் கல்லூரியில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சீவலப்பேரி பஸ்ஸில் வந்து இறங்கினார் அவர். நாற்பதை ஒட்டிய வயது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் ஒரு பை, கையில் மடக்குக் கம்பு. நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லூரிக் கேட்டுக்குள் அழைத்துக்கொண்டு போனேன். இரண்டடி வந்தவர் நின்றுவிட்டார்.

"சார், நீங்க முன்னால நடங்க. நான் உங்க தோளத் தொட்டுக்கிட்டு வாரேன். இழுத்துட்டுப் போனா எனக்குப் பாத மனசுல நிக்காது" என்றார்.

தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. உதவி செய்ய வந்தவனிடம் இப்படியா என்று தோன்றியது.

வராந்தாவில் உட்கார்ந்து படிவத்தை நான் வாசித்துக் காட்டினேன். 'தேர்வர் சொல்வதை மட்டும், சொல்வதைச் சொன்னபடியே எழுதுவேன்' என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு எந்த வேகத்தில் சொன்னால் எனக்கு எழுத வசதி என்று பார்ப்பதற்காக அவர் ஒரு பத்தி சொன்னார். நான் எழுதினேன். முடித்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"உங்க பேனா நல்லா ஓடுது அண்ணாச்சி. சத்தம் சீரா இருக்கு. கையெழுத்து நல்லா இருக்கும்னு நினைக்கேன்."

என் கையெழுத்தைக் கண்ணால் பார்க்காமல் பாராட்டியவர் அவர் ஒருவர்தான். சாரிலிருந்து அண்ணாச்சிக்கு மாறியதில் எனக்கும் மனம் இளகிவிட்டது. பேச்சுக் கொடுத்தேன்.

ஜங்ஷன் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் அவர் டெலிபோன் ஆபரேட்டர். சின்ன வயதில் பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர். எம்.ஏ.யில் மற்ற தாள்கள் எல்லாம் முடித்துவிட்டார். மேலைநாட்டுத் தத்துவம் என்ற ஒரே ஒரு தாள்தான் பாக்கி. அதை இரண்டு தடவை எழுதித் தோற்றிருந்தார். படிப்பை முடிக்கக் கொடுத்திருந்த வருடங்கள் முடிந்துவிட்டதால் இதுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் அத்தனை வருடப் படிப்பும் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். முதல் தடவை எழுதிக்கொடுத்தவரின் கையெழுத்து திருத்துகிறவருக்குப் புரியவில்லையாம். இரண்டாவது தடவை என்ன ஆனது என்று கேட்டேன்.

"எழுத வந்தவுக பாதியில எந்திச்சுப் போயிட்டாவ. வயித்து வலின்னாவ" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. பாவம், நேரம் என்று நானும் விட்டுவிட்டேன்.

இத்தனை பாடம் இருக்கத் தத்துவம் எதற்கு என்றும் கேட்டேன். அவர் சிரித்தார். "இருவது வருசமா போன எடுத்து, இருங்க இணைக்கேன், இருங்க இணைக்கேன்னே சொல்லிட்டிருக்கேன் அண்ணாச்சி. ஒரு கேள்விக்காவது நானே பதில் சொல்லணும்னு தோணிச்சு."

மறுநாள் காலை பத்து மணிக்குப் பரீட்சை. சொல்லி எழுதுகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்பதால் இரண்டு மணி வரை நேரம். தனி அறை. நாங்கள் இருவர், அப்புறம் கண்காணிப்புக்கு ஒரு இளம் விரிவுரையாளர். மின்விசிறி கடகடவென்று சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல என் பேனா ஓடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் தெளிவாக, தட்டுத் தடங்கல் இல்லாமல் சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது. பன்னிரண்டரை மணிக்குள் நான்கு கேள்விகள் முடிந்தன. கடைசியாக ஒரு பெரிய கேள்வியை வைத்திருந்தார். ஒரு ஜெர்மன் தத்துவ அறிஞர் ஒழுக்கம், சமயம், கலை, வாழ்வின் பொருள் ஆகியவற்றைப் பற்றி என்ன சொன்னார் என்று விளக்க வேண்டும். மதிப்பெண் அதிகமுள்ள கேள்வி அதுதான்.

முதலில் ஒழுக்கம். மனிதர்கள் பெரிய குணம் என்று கொண்டாடும் இரக்கத்தை இந்த அறிஞர் சந்தேகத்தோடு பார்த்தாராம். இரக்கப்படுகிறவன் தன்னையறியாமல் மேலே ஏறி நின்றுகொள்கிறான், எதிரில் இருப்பவரைக் கீழே வைத்துவிடுகிறான் என்பது அவர் எண்ணமாம். இதை விளக்க அந்தப் பெண் ஒரு உதாரணம் சொன்னார். வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த பார்வையற்ற பெண் ஒருத்தியை ஒரு நல்ல மனிதர் கையைப் பிடித்துச் சாலையின் மறுபக்கம் கொண்டுபோய்விட்டுப் போய்விட்டார். அவள் சாலையைக் கடக்க நினைக்கவே இல்லை. அவளுக்கு வேண்டிய பஸ் இந்தப் பக்கம் வந்து போய்விட்டது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, முந்தின நாள் நான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததும் நினைவு வந்தது. என்னைத்தான் சொல்கிறாரோ என்று காது சூடானது. ஆனாலும் எழுதினேன்.

அடுத்தது சமயம். அவர் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, பைய, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். கடவுள் செத்துப்போய்விட்டார் என்கிறார் இந்த அறிஞர், அவரைச் சாகடித்தது வேறு யாருமல்ல, மனிதர்களாகிய நாமேதான் என்கிறார்.

என் பேனா நின்றுவிட்டது.

சாதாரண வார்த்தைகள்தான். நான் சொல்லவில்லை, அவரும் சொந்தமாகச் சொல்லவில்லை, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எப்போதோ சொன்னது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அந்த நேரத்தில் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தது எங்கள் ஆலயத்துக் கரும்பலகைதான். வசனம் எழுதுகிற கை இது. இந்தக் கையால் இதை எப்படி எழுதுவது? அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு மேலச்செவல் பக்கம் போவது நினைவில் வந்தது. வியர்த்து, பேனா விரலில் வழுக்கியது.

உடனே மனம் ஒரு சமாதானம் கண்டுபிடித்தது. விடைத்தாளைத் திருத்துகிறவர் பக்தியுள்ளவராக இருந்தால் என்ன ஆகும்? இந்த வரியைப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டால் இந்தப் பெண்ணின் கதி என்ன? கொஞ்சம் பக்குவமாக எழுதினால் இவருக்குத்தானே நல்லது? இப்படி நினைத்ததும் கை மறுபடி ஓடியது. 'மனிதர்கள் கடவுளை மறந்து வாழ்கிறார்கள் என்று இவர் வருந்துகிறார்' என்று எழுதினேன். அழகாகத்தான் எழுதினேன்.

அவர் அடுத்த வரிகளைச் சொன்னார். இதை அந்த அறிஞர் கொண்டாட்டமாகச் சொல்லவில்லை, நடுக்கத்தோடு சொல்கிறார். இத்தனை காலம் எது நல்லது எது கெட்டது என்று பார்க்க உதவிய விளக்கை நாமே அணைத்துவிட்டோம், இனி எந்த வெளிச்சத்தில் நடப்போம் என்று கேட்கிறார். அதையும் எழுதினேன். முந்தின வரியை மாற்றியபின் இது அதோடு ஒட்டவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பத்திய மட்டும் ஒரு தடவ வாசிங்க" என்றார்.

நான் வாசித்தேன். தாளில் இருந்ததை அல்ல, அவர் சொன்னதை. மனதில் இருந்து அப்படியே ஒப்பித்தேன். குரல்கூட நடுங்கவில்லை. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு "ம்… சரி. அடுத்தது எழுதுங்க" என்றார்.

அடுத்தது கலை. கலை இரண்டு விதமாகப் பிறக்கிறது என்பது அந்த அறிஞரின் கருத்தாம். ஒன்று ஒழுங்கிலிருந்து, மற்றொன்று வெறியிலிருந்து. இதற்கு அந்தப் பெண் சொன்ன உதாரணத்தை என்னால் மறக்க முடியாது. விடுதியில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட பாடகர் குழு, நான்கு குரல்களும் அவரவர் இடத்தில் நின்று ஒன்றாகச் சேர்வது முதல் வகை. கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் கேட்கும் மேளம், அதைக் கேட்டு யார் ஆடுகிறார்கள் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாமல் தரை முழுக்க அதிர்வது இரண்டாவது வகை. இந்த இரண்டும் சேர்கிற இடத்தில்தான் மனிதன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளக் கற்கிறான் என்று முடித்தார். நானும் எங்கள் பாடகர் குழுவில் பத்து வருடம் பாடியவன். அந்தப் பத்தியை எழுதும்போது எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் உண்டாயிற்று. செய்த காரியத்தை மறந்தே போய்விட்டேன்.

கடைசியாக வாழ்வின் பொருள். மணி ஒன்றரை ஆகப் போனது. இந்த அறிஞர் மனிதர்களுக்கு ஒரு சோதனை வைத்தாராம். நீ வாழ்ந்த இதே வாழ்க்கை, ஒரு பிசிறுகூட மாறாமல், இதே வலி, இதே சந்தோஷம், இதே வரிசையில் முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் என்று யாராவது சொன்னால் நீ என்ன சொல்வாய்? ஐயோ என்பாயா, வரட்டும் என்பாயா? வரட்டும் என்று சொல்லும்படி வாழ்வதுதான் வாழ்க்கைக்குப் பொருள் கொடுப்பது என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தித் தன் வாழ்க்கையையே உதாரணமாகச் சொன்னார்.

இதே கண்கள், சித்தாறு வந்து தாமிரபரணியில் விழும் இடத்தில் தண்ணீரின் சத்தம் மாறுவதைக் கேட்டுக்கொண்டு நின்ற இதே சிறு வயது, அம்மாவை விட்டு விடுதிக்கு வந்த அன்றைக்கு அழுத இதே அழுகை, யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்த இதே இருபது வருடம், இரண்டு தடவை தோற்ற இதே பரீட்சை, இப்போது இந்த அறையில் கழிகிற இந்த நிமிடம் உட்பட எல்லாம் அப்படியே திரும்பி வரும் என்றால் என் பதில், வரட்டும்.

'வரட்டும்' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

இந்த நிமிடம் உட்பட என்கிறார். அப்படியானால் நானும் அதில் இருக்கிறேன். அவர் வரட்டும் என்று கூப்பிடுகிற அந்த வாழ்க்கையில், ஒவ்வொரு தடவையும், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வரியை மாற்றிக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு தடவையும் வாசித்துக் காட்டிப் பொய் சொல்லுவேன். அவர் ஒவ்வொரு தடவையும் சரி என்பார். அழுகை வந்துவிட்டது.

"அம்மா" என்றேன். "மேல ஒரு இடத்துல நீங்க சொன்னத நான் எழுதலம்மா. கடவுளப் பத்திச் சொன்ன வரி. மாத்தி எழுதிட்டேன். வாசிக்கும்போதும் பொய் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"தெரியும் அண்ணாச்சி" என்றார். "அந்த இடத்துல பேனா நின்னுச்சு. அப்புறம் ஓடுனதும் கொஞ்ச நேரந்தான். நான் சொன்னது அதவிட நீளம்லா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீங்க எந்திச்சுப் போயிருவீங்கன்னு பயந்தேன்."

வயிற்று வலி என்று எழுந்து போனவரின் ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது. அவரும் இதே மாதிரி ஒரு வரியில்தான் எழுந்து போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு இந்தப் பெண்ணுக்கு யாரிடமும் எதையும் தட்டிக்கேட்கத் துணிவில்லை. தன் வாயால் சொன்னதைத் தன் பக்கத்திலேயே ஒருவன் திருத்துகிறான் என்று தெரிந்தும், அவன் தயவு போய்விடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு சரி என்றிருக்கிறார். இரக்கப்படுகிறவன் மேலே ஏறி நின்றுகொள்கிறான் என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என் கையாலேயே எழுதியிருந்தேன். எழுதிய எனக்குத்தான் அது புரியாமல் இருந்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, தன் தொழிலைப் பற்றிச் சொல்வது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். "இருவது வருசமா லைன் போட்டுக் குடுக்கேன் அண்ணாச்சி. ஒருத்தர் பேச்சுக்கு நடுவுல நான் ஒரு வார்த்த சேத்ததில்ல, எடுத்ததில்ல."

தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் பார்வை இல்லை என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு மேசைக்கு வந்த விரிவுரையாளரிடம், எழுதியதில் ஒரு பத்தியை அடித்துவிட்டு மறுபடி எழுதலாமா என்று கேட்டேன். தேர்வர் சொன்னால் எழுதலாம் என்றார். ஆனால் இருபது நிமிடம்தான் இருந்தது. கடைசிப் பகுதியும் முடியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்து அந்தப் பெண்ணிடம் நேரத்தைச் சொன்னேன். மேலே உள்ளதைத் திருத்தினால் முடிவுரைக்கு நேரம் போதாது, மதிப்பெண் போகும், விட்டுவிடலாமா என்று கேட்டேன். இந்தத் தடவை நானாக மாற்றாமல் கேட்டேன்.

"அடிச்சிட்டு எழுதுங்க. நான் சொல்லுதேன்" என்றார்.

கோடு போட்டு அடித்தேன். என் கையெழுத்தை நானே அப்படி அடித்தது அதுவரை கிடையாது. அடுத்த பக்கத்தில் அந்த வரியைச் சொன்னபடியே எழுதினேன். கடவுள் செத்துப்போய்விட்டார் என்ற வார்த்தைகளை என் கை எழுதியது. கூரை இடிந்து விழவில்லை. அதற்கடுத்து விளக்கை அணைத்துவிட்டோம் என்று வருகிற வரிகளை மறுபடி எழுதும்போதுதான் அந்த மனிதர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு எட்டியது. அது திட்டு அல்ல, துக்கம். தகப்பனைப் பறிகொடுத்த ஒருவனின் பேச்சு மாதிரி எனக்குக் கேட்டது. முதல் வரியிலேயே காதை மூடிக்கொண்டதால் அதற்கடுத்த துக்கத்தை நான் கேட்கவே இல்லை.

முடிவுரைக்கு மூன்று வரிதான் எழுத முடிந்தது. மணி அடித்துவிட்டது.

பஸ் ஸ்டாப் வரை அவரோடு நடந்தேன். நான் முன்னால், அவர் என் தோளைத் தொட்டுக்கொண்டு பின்னால். வழியில் ஒரு கடையில் நன்னாரி சர்பத் குடித்தோம். எதுவும் பேசாமல் நின்றால் தாங்க முடியாது போலிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

"எழுதும்போது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"எனக்கும் அவர் சொல்லுததெல்லாம் ஒத்துவராது அண்ணாச்சி. நான் தெனமும் சாமிக்கு விளக்கேத்திட்டுத்தான் ஆபீசுக்குப் போறேன். ஆனா அவர் சொன்னத அவர் சொன்னபடிதான சொல்லணும்? அப்புறம்லா நம்ம சண்டைய வச்சுக்கிடணும்."

சீவலப்பேரி பஸ் வந்தது. என் தோளில் இருந்த கையை எடுப்பதற்கு முன்னால் இரண்டு தடவை லேசாகத் தட்டினார். குழந்தையைத் தேற்றுகிற மாதிரி இருந்தது. யாருக்கு யார் உதவி செய்ய வந்தது என்று எனக்கே குழம்பிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல் வசனம் எழுதப் போனேன். எழுதி முடித்து, வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பாதியில் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே ஒரு கால்புள்ளி தவறினால் முழுப் பலகையை அழிக்கிறவன், அங்கே ஒரு பெண்ணின் முழு வரியை மாற்றிவிட்டுப் பொய்யும் சொல்லியிருக்கிறேன். கடவுளின் வார்த்தைக்குக் கொடுக்கிற மரியாதையில் கொஞ்சமாவது கடவுள் படைத்த மனுஷியின் வார்த்தைக்குக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. இதை என் மனைவியிடம் அன்றைக்குச் சொன்னபோது அவள் கேலி செய்யவில்லை. "அந்தப் பிள்ள பாஸாகணும்னு ஜெபம் பண்ணுவோம்" என்றாள். பண்ணினோம். கடவுள் செத்துப்போனார் என்று எழுதிய விடைத்தாளுக்காகக் கடவுளிடம் ஜெபம் பண்ணியது நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

ஆனாலும் பயம் போகவில்லை. அடித்த பத்தியும் முடிக்காத முடிவுரையும் கண்ணுக்குள்ளேயே நின்றன. அவர் தோற்றால் அந்தத் தோல்வியில் என் கையெழுத்து இருக்கும். முடிவு வரும்வரை சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் மத்தியானம் பள்ளி அலுவலகத்தில் போன் அடித்தது. எடுத்தேன்.

"வணக்கம். ஒரு நிமிசம் லைன்ல இருங்க" என்றது ஒரு பெண் குரல். அரசு அலுவலக ஆபரேட்டரின் குரல். எந்த அதிகாரிக்கு இணைக்கிறார்களோ, என்ன விவரம் கேட்கப் போகிறார்களோ என்று நானும் பேனாவையும் தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது.

"யாருக்கும் இணைக்கல அண்ணாச்சி. நான்தான் பேசுதேன். பாஸாயிட்டேன்."

அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். அவர் அந்தப் பக்கம் பேசிக்கொண்டே போனார். அந்தப் பெரிய கேள்வியைப் பற்றி, அடுத்து என்ன படிக்கலாம் என்பதைப் பற்றி, அடுத்த பரீட்சைக்கும் நான்தான் எழுத வர வேண்டும் என்பதைப் பற்றி. நடுவில் ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நான்கு மணி நேரமும் அப்படியே திரும்பி வரும் என்று இன்றைக்கு யாராவது என்னிடம் சொன்னால், நான் பொய் வாசித்த அந்த ஒரு நிமிடத்தையும் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டு வரட்டும் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அது இல்லாமல் பக்கத்தில் இருப்பவர் சொல்வதை முழுசாகக் கேட்க நான் கற்றிருக்கவே மாட்டேன்.